மகப்பேறு விடுப்பு முடிந்து வீட்டிலிருந்தே வேலை: எது உரிமை, எது ஒப்பந்தம், கம்பெனி எதைக் கேட்கலாம்?

வேப்பங்காற்று

விடுப்பு முடியப்போகிற தாய்மார்கள் கேட்கும் கேள்விகள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் பேசிவிடலாம் என்று இதைத் திறக்கிறேன். தமிழ்நாட்டில் இயங்கும் தனியார் கம்பெனி, 50 பேருக்கு மேல் ஆட்கள், கணினி வேலை என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தை இருக்கிறது என்பதற்காக வீட்டிலிருந்து வேலை கேட்டால் கம்பெனி மறுக்க முடியுமா? கொடுத்தால் என்னென்ன நிபந்தனை போடலாம்? கொடுத்ததைத் திடீரென்று பிடுங்கலாமா? தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். "எங்க ஆபீசில் இப்படித்தான்" என்கிற பதில் யாருக்கும் உதவாது.

சட்டக்குறிப்பு

முதலில் எந்தச் சட்டம் என்று தெளிவாகட்டும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. மகப்பேறு பற்றியது அதன் ஆறாவது அத்தியாயம், பிரிவு 59 முதல் 72 வரை. பழைய எண்களை மேற்கோள் காட்டி மெயில் போட்டால், எச்.ஆர். அதையே சாக்காக வைத்து இழுத்தடிக்க இடமுண்டு.

வீட்டிலிருந்து வேலை வருவது பிரிவு 60(5)இல். 2017 திருத்தத்தில் பழைய சட்டத்தின் 5(5)ஆக நுழைந்த வாசகம்தான், அப்படியே வந்திருக்கிறது. வேலையின் தன்மை வீட்டிலிருந்து செய்யத்தக்கதாக இருந்தால், மகப்பேறு பலனை அனுபவித்து முடித்த பிறகு, இருவரும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டு, முதலாளி அனுமதிக்க*லாம்*. அந்த "லாம்"தான் மொத்த விஷயமும். அனுமதித்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

2022இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. பெங்களூரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள ஓர் ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிந்த பெண், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை கேட்டார். ஒப்படைத்த வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக இருந்தால்தான் இந்தப் பிரிவு உதவும், இது அப்படிப்பட்ட வேலையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2021 ஜூனில், குழந்தை பிறந்து ஓராண்டு வரையாவது பாலூட்டும் தாய்மாரை இயன்ற வேலைகளில் வீட்டிலிருந்து பணிசெய்ய விடுமாறு முதலாளிகளை ஊக்குவிக்கச் சொல்லி ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அது அறிவுரை, கட்டளையில்லை. விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் பலம் கூடும், அவ்வளவே.

தறியோசை

அப்படியானால் 60(5) வெறும் அலங்காரம்தானே? முதலாளி விரும்பினால் கொடுப்பார் என்று சொல்ல ஒரு சட்டம் எதற்கு?

சட்டக்குறிப்பு

அலங்காரமில்லை, தோழர். "காலத்துக்கும் நிபந்தனைக்கும் இருவரும் ஒத்துக்கொள்ள" என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிவிட்டால், அது மேலாளர் காட்டிய கருணை என்ற நிலை போய், சட்டப் பிரிவின் கீழ் போட்ட உடன்பாடு ஆகிறது. வாய்ச்சொல்லாக விட்டால் அந்தப் பிரிவால் ஒரு காசு பயனில்லை.

அதைவிட முக்கியம், சட்டம் கட்டாயமாகக் கொடுத்தவற்றை இந்த "லாம்"முக்காக விற்றுவிடக் கூடாது. 26 வார ஊதிய விடுப்பு, பாலூட்டும் இடைவேளை, குழந்தைக் காப்பகம், விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கத் தடை, இவை எதுவும் பேரத்துக்கு உரியவையல்ல. "வீட்டிலிருந்து வேலை தருகிறோம், 20 வாரத்தோடு விடுப்பை முடித்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுதான் மிகப் பரவலாக நடக்கும் தவறு. சட்டத்துக்குக் குறைவான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது.

மனிதவளம்_கோவை

நிர்வாகப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கம்பெனிக்கும் உரிமைகள் உண்டு. அவற்றை ஒப்புக்கொண்டு விண்ணப்பித்தால் அனுமதி எளிதில் கிடைக்கும்.

வேலை இடத்தைத் தீர்மானிப்பது முதலாளியின் உரிமை. பணி ஆணையில் "கம்பெனி சொல்லும் எந்த இடத்திலும்" என்ற வரி அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். எந்நேரமும் தொடர்புக்குக் கிடைக்கவேண்டிய மைய நேரம் என்று, உதாரணமாக 11 முதல் 1 வரையும் 3 முதல் 5 வரையும், குறிக்கலாம். அந்த நேரத்தில் குழந்தையைப் பார்க்க வேறொரு பெரியவர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைப் பலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டாம். ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேர வேலையை யாராலும் செய்ய முடியாது. வீட்டிலிருந்து வேலை என்பது பயண நேரத்தை மிச்சப்படுத்தும், பாலூட்டுவதை எளிதாக்கும். ஆயாவுக்கோ பாட்டிக்கோ அது மாற்றாகாது.

வாடிக்கையாளர் ஒப்பந்தம் இன்னொரு தடை. வங்கி, காப்பீடு, மருத்துவப் பதிவேடு சார்ந்த வேலைகளில் "மூடிய அறை, கைப்பேசி கூடாது" என்று வாடிக்கையாளரே எழுதியிருப்பார். அங்கே மறுப்பது நியாயமான மறுப்பு. அப்போது வேறு புராஜெக்டுக்கு மாற்றக் கேட்கலாம், பதவியும் சம்பளமும் குறையாமல்.

கேட்கக் கூடாதவை: குழந்தையின் உடல்நலச் சான்று, அடுத்த குழந்தை பற்றிய திட்டம், கணவர் வேலையின் விவரம். வீட்டிலிருக்கிறார் என்பதற்காக சம்பளத்தில் 10 சதவீதம் பிடிப்பதும் கூடாது. வேலை நேரம் குறையாதபோது ஊதியம் குறைய வழியில்லை.

கணக்கோலை

விடுப்புக் கணக்கில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

26 வாரம் என்றால் 182 நாள். ஞாயிறும் பண்டிகை நாளும் சேர்ந்தது, ஊதியமும் ஏழு நாளுக்கும் உண்டு. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 1977இலேயே "வாரம் என்றால் ஏழு நாள்" என்று தீர்ந்துவிட்டது. ஞாயிறைக் கழித்து ஊதியம் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். 2026 ஜனவரி 5இல் விடுப்பு தொடங்கி பிப்ரவரி 2இல் குழந்தை பிறந்தால், ஜூலை 5 வரை விடுப்பு, ஜூலை 6 திங்கள் வேலைக்கு. அன்று குழந்தைக்கு ஐந்து மாதம் நான்கு நாள். முன்கூட்டியே 8 வாரத்தையும் எடுத்துவிட்டால், திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கும். உடல் ஒத்துழைத்தால், மருத்துவரும் சரி என்றால், முன்பக்கம் குறைத்துப் பின்பக்கம் கூட்டுவது நல்லது.

தகுதிக்கு, எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். உயிருடன் இரண்டு குழந்தைகள் இருந்து மூன்றாவது பிறந்தால் 12 வாரம், அதில் 6 வாரத்துக்கு மேல் முன்னால் எடுக்க முடியாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையைத் தத்தெடுத்தவருக்கும் 12 வாரம்.

தொகை: விடுப்புக்கு முந்தைய மூன்று மாத ஊதியத்தின் நாள் சராசரி. இங்கே அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு என்று சில கம்பெனிகள் சொல்லும். புதிய தொகுப்பில், ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த உபரியும் ஊதியமே. அதாவது மாதம் 60,000 வாங்குபவருக்கு அடிப்படை 18,000 என்று காட்டி அதை மட்டும் கொடுக்க முடியாது. குறைந்தது 30,000 கணக்கில் வரவேண்டும்.

மாத ஊதியம் 21,000க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருப்பவர்களுக்குப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும், கம்பெனியிலிருந்து அல்ல. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (அதாவது சந்தா கணக்கிடும் அரையாண்டுகளில்) 70 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும்.

தறியோசை

விடுப்பில் இருக்கும்போதே "லேப்டாப் வீட்டில்தானே இருக்கு, அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துடுங்க" என்று மேலாளர் கேட்டால்?

சட்டக்குறிப்பு

இந்த இழையிலேயே மிக ஆபத்தான இடம் இதுதான். கவனமாகப் படியுங்கள்.

பிரசவம், கருச்சிதைவு இவற்றுக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் தெரிந்தே ஒரு பெண்ணை வேலை வாங்குவது பிரிவு 59இன்படி குற்றம். அவர் விரும்பிச் செய்தாலும் கூடாது.

அதற்குப் பிறகான வாரங்களில் சிக்கல் பெண்ணின் பக்கம் திரும்புகிறது. விடுப்பில் இருக்க அனுமதி வாங்கிய காலத்தில் எந்த நிறுவனத்திலாவது வேலை செய்தால், அந்தக் காலத்துக்கான பலனை இழக்க நேரிடும் என்கிறது பிரிவு 70. "எந்த நிறுவனத்திலாவது" என்பதில் சொந்தக் கம்பெனியும் அடங்கும் என்று ஒருவர் வாதாட முடியும். பக்கவேலையாக இணையத்தில் வேறு கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பதும் இதில் சிக்கலாம். மேலாளருக்கு உதவியாக நான்கு நாள் உள்நுழைந்தால், பின்னால் உறவு கெட்டுப்போகும் நாளில் அந்தப் பதிவேடே உங்களுக்கு எதிரான சான்றாகும்.

ஆகவே விடுப்பின் முதல் நாளே தானியங்கி பதில் போடுங்கள். மடிக்கணினியைக் கம்பெனியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கேட்டால் ஒரே வரி போதும்: "சட்டப்படியான மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன், ஜூலை 6இல் திரும்புகிறேன், அதுவரை இதை யார் பார்ப்பது என்று சொல்லுங்கள்."

வேப்பங்காற்று

பாலூட்டும் இடைவேளையும் குழந்தைக் காப்பகமும் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் பொருந்துமா?

மனிதவளம்_கோவை

இடைவேளை பொருந்தும். வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல், அன்றாட வேலை நேரத்தினூடே இரண்டு இடைவேளை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை. மேலே கணக்கோலை சொன்ன உதாரணத்தில் 2027 மே 2 வரை. பிரிவு 66இல் இடம் பற்றிய வரையறை இல்லை, எனவே வீட்டில் இருந்தாலும் உண்டு. இதற்காக ஊதியம் பிடிக்க முடியாது. நடைமுறையில் தவறுவது எப்படியென்றால், வருகைப் பதிவு மென்பொருள் 10 நிமிடம் சுட்டெலி அசையாவிட்டால் "இல்லை" என்று குறித்துவிடும். மாதக் கடைசியில் அது அரை நாள் விடுப்பாக மாறி நிற்கும். இரண்டு இடைவேளையையும் காலண்டரில் நிரந்தரமாக அடைத்துவைத்து, மேலாளரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

காப்பகம்: 50 பேர் உள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம், பிரிவு 67. தனியாகவோ, பல கம்பெனிகள் சேர்ந்தோ, வெளிக் காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டோ செய்யலாம். தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவரலாம். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் என்றால் அந்த இரண்டு நாளுக்கும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் வீட்டு வேலை கொடுத்துவிட்டோம், காப்பகம் தேவையில்லை என்பது ஏற்கத்தக்க பதிலில்லை. நியமனத்தின்போதே இந்தப் பலன்களை எழுத்திலும் மின்னஞ்சலிலும் தெரிவிக்கவேண்டும் என்பதும் சட்டம். பெரும்பாலான பணி ஆணைகளில் அந்தப் பத்தியே இருப்பதில்லை.

கணக்கோலை

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று தனியாகக் கேட்கிறார்கள். விடுப்பு முடிய ஆறு வாரம் இருக்கும்போது அனுப்புங்கள். கடைசி வாரம் அனுப்பினால், பதில் வருவதற்குள் வேலைக்குச் சேரும் நாள் வந்து, "இப்போதைக்கு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாகிவிடும். மேலாளருக்கு மட்டும் அனுப்பாமல் எச்.ஆர். முகவரியையும் சேருங்கள்.

பிரிவு 60(5)இன் கீழ் கேட்கிறேன் என்று முதல் வரியிலேயே வரட்டும். அடுத்து, உங்கள் வேலையின் பணிகளை ஒவ்வொன்றாக எழுதி, வீட்டிலிருந்து முடியுமா முடியாதா என்று எதிரே குறியுங்கள். ஒப்படைத்த வேலையின் தன்மை என்பதுதான் சட்டத்தின் அளவுகோல் என்பதால், இந்தப் பட்டியல்தான் விண்ணப்பத்தின் உயிர். பிறகு தொடங்கும் தேதி, முடியும் தேதி. "மறு அறிவிப்பு வரை" என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது நாளைக்கே முடியலாம். வாரத்தில் எத்தனை நாள், மைய நேரம் எது, அந்நேரம் குழந்தை யாரிடம், அவர் வராத நாளில் அரை நாள் விடுப்பா, நேர மாற்றமா என்பதும் வேண்டும். திரும்ப அழைப்பதற்கு 30 நாள் எழுத்து அறிவிப்பு என்ற வரியைக் கண்டிப்பாகச் சேருங்கள். சட்டம் இதற்கென்று நாள் எதுவும் குறிக்கவில்லை, நீங்கள் எழுதினால்தான் உண்டு. காப்பகத்தில் இடம் பிடிக்கவும் ஆயா தேடவும் குறைந்தது ஒரு மாதம் பிடிக்கும்.

சொந்த ஊருக்குப் போய் அம்மா வீட்டிலிருந்து வேலை செய்வதாக இருந்தால் முகவரியையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகும். பழைய வரிமுறையில் இருப்பவர்கள், வாடகை கொடுக்காத மாதங்களுக்கு வீட்டு வாடகைப்படி விலக்குக் கேட்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மின்தடை_நேரம்

சட்டம் ஒரு பக்கம், கருவிகள் பக்கம் நான் சொல்கிறேன். வீட்டு வேலை ரத்தாவதற்கு மேலாளர்கள் காட்டும் முதல் காரணம் "அடிக்கடி லைனில் இல்லை" என்பது.

ஃபைபர் இணைப்பில் பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். கண்ணாடி இழை நேராக வந்து சேரும் ஓ.என்.டி. ஒன்று, வைஃபை ரவுட்டர் மற்றொன்று. ரவுட்டரை மட்டும் மினி யூ.பி.எஸ்.ஸில் செருகிவிட்டு, மின்சாரம் போனதும் ஏன் நெட் வரவில்லை என்று தேடுவார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். அடாப்டரின் பின்புறம் வோல்ட், ஆம்பியர் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றுக்கு 9. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். இரண்டு வெளிவழி உள்ள மினி யூ.பி.எஸ். வாங்கினால் தீர்ந்தது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு வேறொரு நிறுவனத்தின் சிம் வையுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் படுக்கும் வாய்ப்பு குறையும்.

திரைப் பூட்டை 2 நிமிடத்துக்கு வையுங்கள். தவழும் குழந்தை விசைப்பலகையைத் தட்டி வாடிக்கையாளருக்கு மெயில் போவது ஒன்றும் அதிசயமில்லை. மடிக்கணினி வயரைச் சுவரோடு ஒட்டி மேலே கொண்டுபோங்கள். எட்டு மாதக் குழந்தைக்கு முதல் இலக்கு அதுதான்.

வேப்பங்காற்று

மைய நேரத்தைக் குழந்தையின் தூக்கத்தைப் பார்த்து வைக்கலாமா?

மின்தடை_நேரம்

வைக்கலாம், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். ஆறு மாத வாக்கில் பகலில் மூன்று தூக்கம், ஒரு வயதை ஒட்டி இரண்டு, ஒன்றரை வயதில் மதியம் ஒன்று என்று மாறிக்கொண்டே போகும். ஜூலையில் போட்ட அட்டவணை தீபாவளிக்குள் பழசாகிவிடும். உடன்பாட்டிலேயே "மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரத்தை மறுபரிசீலனை செய்வோம்" என்று எழுதுங்கள்.

தறியோசை

கேமராவை எந்நேரமும் போட்டு வைக்கச் சொல்கிறார்களே? அது அவர்கள் உரிமையா?

சட்டக்குறிப்பு

கூட்டத்தில் முகம் காட்டச் சொல்வது நியாயம். கம்பெனி மடிக்கணினியில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்வதும், முன்பே சொல்லிவிட்டுச் செய்தால், அவர்கள் அதிகாரத்துக்குள் வரும். எட்டு மணி நேரமும் வீட்டுக்குள் கேமரா என்பது வேறு விஷயம். 2023 எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை தொடர்பான தேவைக்குத் தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. அதே சட்டம் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2025 நவம்பரில் விதிகள் வந்ததிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகின்றன. இருந்தாலும், பதிவாகும் காட்சியில் குழந்தை வருகிறது என்று இப்போதே எழுத்தில் ஆட்சேபிப்பதில் தவறில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் "பணியிடம்" என்பதற்குள் குடியிருக்கும் வீடும் வருகிறது. பாலூட்டுகிறேன் என்று சொன்ன பிறகும் கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்துவதும், அதையொட்டிக் கேலி பேசுவதும், இந்தச் சட்டப்படி கம்பெனிக்குள் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்குப் போகக்கூடிய புகார்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கரைவேட்டி

அப்பாக்களுக்கு?

சட்டக்குறிப்பு

60(5) பெண்ணுக்கு மட்டும். ஒன்றிய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, தனியார் துறையில் சட்டப்படி எதுவுமில்லை. கம்பெனிக் கொள்கையில் இருந்தால் கேட்கலாம். கணக்கோலை சொன்ன அதே விண்ணப்பம் உங்களுக்கும் பொருந்தும், பிரிவு எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். தந்தை கேட்காமல் இருப்பதால்தான் சுமை முழுவதும் தாய் மீது விழுகிறது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டாவது பாருங்கள்.

தறியோசை

கடைசிக் கேள்வி. உடன்பாடு கையில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு. இரண்டாவது மாதத்தில் புது மேலாளர் வந்து, "அது பழையவர் கொடுத்தது, திங்கள்கிழமையிலிருந்து ஆபீஸ் வாங்க, இல்லையென்றால் ராஜினாமா" என்கிறார்.

சட்டக்குறிப்பு

உடன்பாடு போட்டது கம்பெனி. மேலாளர் மாறினால் அது மாறாது. அன்றே உடன்பாட்டு மெயிலை இணைத்து எச்.ஆருக்கு எழுதுங்கள்: "ஒப்புக்கொண்ட காலம் இந்தத் தேதி வரை. 30 நாள் அறிவிப்பு வரவில்லை. அதுவரை இதே முறையில் தொடர்கிறேன்." ராஜினாமா மட்டும் எழுதாதீர்கள், எவ்வளவு மன உளைச்சல் இருந்தாலும். எழுதிவிட்டால் அது நீங்களாகப் போனதாகவே பதிவாகும், பிறகு கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அவர்களே வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வழி. மகப்பேறு விடுப்புக் காலத்தில், அல்லது அதைக் காரணமாக வைத்து நீக்கிப் பலனை மறுத்தால், ஆணை கிடைத்த 60 நாளுக்குள் பிரிவு 68இன்கீழ் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். இதற்குப் பதவி வரம்போ சம்பள வரம்போ கிடையாது, மேலாளர் நிலைப் பெண்ணுக்கும் பொருந்தும். விடுப்பு முடிந்து வேலையில் இருக்கும்போது நீக்கினால், 1947 தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத அறிவிப்பும் இல்லாமல் நீக்க முடியாது, மேல்முறையீடு உண்டு. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் வெறும் பட்டத்துக்காக "மேனேஜர்" என்று பெயர் மாற்றித் தரும்போது, உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் சேர்த்து வைக்கச் சொல்கிறோம். மெயில்களின் நகல் உங்கள் சொந்த முகவரியிலும் இருக்கட்டும். வாடிக்கையாளர் தரவு உள்ளவற்றை மட்டும் அனுப்ப வேண்டாம், நீக்குவதற்கு அதுவே காரணமாகிவிடும்.